வேலையை விட்டுப் போகும் உரிமை யாருக்கு இருக்கிறது?

வாசகர் ஒருவரின் கூற்று, 2 செப்டம்பர் 2025

மலேசியாவில் யாரையும் கட்டிப்போட்டு வேலை வாங்குவதில்லை. பிடிக்காதவர் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வறுமை என்பது கையில் பணம் இல்லாத நிலை. சுதந்திரம் என்பது பிறர் தடுக்காத நிலை. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டு ஏன் குழப்புகிறீர்கள்?

3 செப்டம்பர்

கையில் பணம் இல்லாதவருக்கு வேலையை விடும் சுதந்திரமும் இல்லை என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்பு இது. சட்டம் தடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். கோலாலம்பூரில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். ராஜினாமாக் கடிதங்களும் முன்பண விண்ணப்பங்களும் என் மேசைக்குத்தான் வரும். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வருவது அபூர்வம். மாதம் இருபதாம் தேதி வாக்கில் முன்பணம் கேட்டு நிற்பவர், மேலதிகாரி எவ்வளவு இழிவாகப் பேசினாலும் கடிதம் எழுதுவதில்லை. கடிதம் எழுதுபவர் பெரும்பாலும் வேறிடத்தில் வேலையை உறுதி செய்துகொண்டவராக இருப்பார். அல்லது வீட்டில் இன்னொருவர் சம்பாதிப்பார். இருவருக்கும் ஒரே சட்டம், ஒரே ஒப்பந்தப் படிவம், ஒரே உரிமை. ஆனால் ஒருவரால் மட்டுமே அந்த உரிமையை எடுத்துப் பயன்படுத்த முடிகிறது.

இதைச் சொல்வதற்கு இடதுசாரியாக இருக்க வேண்டியதில்லை. சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித் 1776இலேயே இதைக் கவனித்திருக்கிறார். முதலாளியும் தொழிலாளியும் கூலி பற்றிப் பிணங்கிக்கொண்டால், முதலாளி ஓர் ஆளைக்கூட வேலைக்கு வைக்காமல் கைமுதலைக் கொண்டே ஓராண்டு, ஈராண்டு தள்ளிவிடுவார். தொழிலாளிகளில் பலரால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது, ஒரு மாதம் தாங்குவோர் சிலரே, ஓராண்டு தாங்குவோர் அரிதிலும் அரிது என்பது அவர் வாதம். நீண்ட காலத்தில் இருவருக்கும் ஒருவர் மற்றவர் தேவை. ஆனால் அந்தத் தேவை இருவரையும் ஒரே அவசரத்தில் நெருக்குவதில்லை என்கிறார். நான் கேட்பதும் அதைத்தான். சம்பளம் நின்றால் உங்களால் எத்தனை வாரம் தாங்க முடியும்? அந்த வாரங்களின் எண்ணிக்கைதான் ஒரு தொழிலாளியின் சுதந்திரத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்.

3 செப்டம்பர், இரவு

ஸ்மித் வாழ்ந்தது குதிரை வண்டிக் காலம் என்று ஒருவர் சிரித்திருக்கிறார். அவர் காலத்து இங்கிலாந்தில் சட்டமே தடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் அடைக்கும் எசமான்–பணியாள் சட்டங்கள் அங்கே 1875இல்தான் நீக்கப்பட்டன. தொழிற்புரட்சியின் பெரும்பகுதி நடந்து முடிந்த பிறகுதான், கூலியாள் சிறைக்கு அஞ்சாமல் வேலையை விடலாம் என்ற நிலை வந்தது. ஆகவே வாசகர் சொல்லும் 'தடுக்காத நிலை'யும் இலவசமாகக் கிடைத்ததன்று. அதற்கும் பலர் போராடியிருக்கிறார்கள். அதை நான் அற்பமாகக் கருதவில்லை.

5 செப்டம்பர்

நம் கதைக்கு வருவோம். மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே செழித்து, அதன் இடத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொண்ட கங்காணி முறையில் (கங்காணி என்ற மேஸ்திரி தம் ஊரிலிருந்து ஆள் திரட்டிவரும் முறை) வந்தவர்கள், சட்டப்படி, சுதந்திரத் தொழிலாளர்கள். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அவர்கள் தோட்டத்தை விட்டுப் போகலாம். ஏட்டில் அவர்களுக்கு இருந்த உரிமை, இன்று என் அலுவலகத்தில் கடிதம் கொடுக்கும் பொறியாளருக்கு இருக்கும் உரிமைக்கு அதிகம் குறைந்ததன்று.

ஆனால் யார் போனார்கள், எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். கங்காணி ஊரிலிருந்து அழைத்து வந்தவர்கள் அவருக்கே உறவினர்கள், அவர் ஊர்க்காரர்கள். முன்பணமும் அவர் வழியாகத்தான் வந்தது. வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், ஓர் ஆள் பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) வராமல் படுத்துவிட்டால் நட்டம் அவருக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக வீடு. லயத்து வீடு (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வீட்டை விட்டால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் போய்விடும். நான் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். என் தாயார் பால் வெட்டிய நாட்களில், கிராணியோடு (தோட்ட எழுத்தரோடு) அப்பாவுக்கு எப்போது வாய்த்தகராறு வந்தாலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "சாமான்களை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?" என்பதுதான். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், மாதம் பத்து வெள்ளி (நம் நாட்டு நாணயம்) வீதம் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. அந்தச் சங்கத்தின் பிற்காலக் கணக்குவழக்குகளைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு; அது வேறு விவாதம். தொடக்கத்தில் இருந்த எண்ணம் மட்டும் இங்கே முக்கியம்: வெளியேற முடியாதவர்கள், வெளியேற்றுகிறவரின் இடத்தை விலைக்கு வாங்கப் பார்த்தார்கள்.

6 செப்டம்பர்

"அப்படியென்றால் தோட்ட மேலாளரான துரையும் கடனில் இருந்தால் அவரும் அடிமைதானே?" என்று பட்டர்வொர்த் நண்பர் கேட்கிறார். துரைக்குக் கடன் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பங்களாவை விட்டுப் போனால் கப்பலேற அவருக்கு ஓர் ஊர் இருந்தது. அங்கே இன்னொரு வேலையும் இருந்தது.

8 செப்டம்பர்

நிலத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதாவிட்டால் இந்தப் பேச்சு அரைகுறையாகிவிடும். ஆஸ்திரேலியக் குடியேற்றங்களைப் பற்றி 1829 முதல் எழுதிவந்த எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர், ஒரு தலைவலியை வெளிப்படையாகவே சொன்னார். குடியேற்ற நாட்டில் நிலம் மலிவாகக் கிடைத்தால், கப்பலில் கூட்டிச்சென்ற கூலியாட்கள் சீக்கிரமே சொந்த நிலம் தேடிப் போய்விடுகிறார்கள். முதலாளியிடம் மூலதனம் இருக்கிறது, வேலைக்கு ஆள் இல்லை. அதற்கு அவர் சொன்ன மருந்து, நிலத்தின் விலையை அரசே உயர்த்தி வைப்பது. அப்போதுதான் வந்தவன் சில ஆண்டுகளாவது கூலிக்கு நிற்பான். கார்ல் மார்க்ஸ் இந்த வெளிப்படைத்தன்மையை வெகுவாக ரசித்து, 1867இல் தம் 'மூலதனம்' நூலின் முதல் தொகுதியை அந்த விவகாரத்தோடுதான் முடித்தார். ஆக, கூலி வேலைக்கு ஆள் கிடைப்பதற்கு வேலை மட்டும் இருந்தால் போதாது. வேறு வழி இல்லாமலும் இருக்க வேண்டும்.

மலாயாவில் இது கண்முன்னே நடந்தது. மலாய்க் கிராமவாசிக்கு வயலும் ஆறும் பழமரங்களும் இருந்தன. தோட்டக் கூலிக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை, அவர் நிற்கவுமில்லை. உடனே அவருக்குச் சோம்பேறி என்ற பட்டம் கிடைத்தது. சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பட்டத்தைத்தான் பிரித்து ஆராய்ந்தது: காலனிய முதலாளித்துவம் கேட்ட வேலையை மறுத்தவன் சோம்பேறி, அதைச் செய்தவன் உழைப்பாளி. நம் பாட்டன்மார்களுக்கு உழைப்பாளிகள் என்ற நற்பெயர் கிடைத்ததன் பின்னணியில், செங்கற்பட்டிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அவர்களுக்குக் காணி நிலம்கூட இல்லாதிருந்தது என்பதும் அடங்கும். இதை எழுதும்போது எனக்குச் சற்றுக் கசக்கிறது. உழைப்பாளிப் பரம்பரை என்று மேடைகளில் கைதட்டிய கைகளில் என் கையும் ஒன்று.

9 செப்டம்பர்

இனி மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் வாசகரின் கூற்றில் நான் தொடாத ஒரு பாதி இருக்கிறது. கூலிச் சந்தை சிலரை விடுவிக்கவும் செய்கிறது.

என் மூத்த அக்கா எழுபதுகளின் இறுதியில் தோட்டத்தை விட்டுப் பினாங்குத் தீவுக்குப் போனார். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்த பிறகு, மின்னணுத் தொழிற்சாலைகள் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் அக்கம்பக்கமாக அமர்ந்து நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துக் கம்பி ஒட்டினார்கள். தீவுக்குப் பாலம் கட்டப்படாத காலம். வார விடுமுறையில் ஃபெரியில் கடந்து வருவார். கண் எரிகிறது, மூன்று வேளை மாற்று வேலையில் தூக்கம் கெடுகிறது என்று சொல்வார். ஆனாலும் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார். தம் சம்பளத்தைத் தம் கையால் வாங்கினார். யாரை எப்போது மணப்பது என்பதைத் தாமே தள்ளிப்போட்டார். கிராணி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய பாதை அவருக்கு இருக்கவில்லை. அவரிடம் போய், நீ கூலிக்கு அடிமை என்று நான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், நியாயமாகவே.

எனினும் அக்காவின் கதை அங்கே முடியவில்லை. 1985, 1986 பொருளாதார மந்தத்தின்போது ஆட்குறைப்பில் அவரும் ஒருவர். மின்னணுத் துறைத் தொழிலாளர்கள் நாடளாவிய சங்கம் அமைக்க அரசு அப்போது இடம் தரவில்லை. 1988இல் நிறுவன அளவிலான சங்கங்களுக்கு மட்டும் வழிவிட்டது. வட்டாரச் சங்கங்கள் 2009இல்தான் வந்தன. தனியாளாக வெளியேறும் உரிமை தாராளமாக இருந்தது, சேர்ந்து நின்று பேசும் உரிமை இறுக்கமாக இருந்தது. தந்தையிடமிருந்தும் கங்காணியிடமிருந்தும் சந்தை அவரை விடுவித்தது. சந்தை சரிந்தபோது அவரைத் தாங்க எதுவும் இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்தக் கோட்பாட்டையும் நான் சந்தேகிக்கிறேன்.

13 செப்டம்பர்

உணவு விநியோகம் செய்யும் மோட்டார் சைக்கிளோட்டிகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார், தங்கையின் மகன், செந்தூலில். "மாமா, எனக்கு முதலாளி கிடையாது" என்பான் பெருமையாக. மழையென்றால் செயலியை அணைத்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் மழை பெய்யும்போதுதான் ஆர்டர் அதிகம், மோட்டார் சைக்கிளின் தவணையும் அந்த மாதமே கட்ட வேண்டும். அவன் மழையில் ஓடுகிறான். யாரும் அவனுக்குக் கட்டளையிடவில்லை.

2025 ஆகஸ்டு இறுதியில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் (செயலி வழியாகவும் மற்றபடியும் துண்டு வேலை செய்பவர்கள்) சட்டமசோதா இவர்களுக்குச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பையும், முறையிட ஒரு தீர்ப்பாயத்தையும், ஊதியம் பற்றிப் பேச ஓர் ஆலோசனை மன்றத்தையும் தருகிறது. விபத்தில் கால் முறிந்தால் கையேந்த வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம். நான் குறைத்துப் பேசமாட்டேன். அணைக்கும் பொத்தான் அவன் கையில் இருப்பதும், அணைத்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருக்க முடிவதும் வேறு வேறு என்பது மட்டும் அந்தச் சட்டத்தால் மாறாது.

14 செப்டம்பர்

மைகார்டில் (அடையாள அட்டையில்) அரசு போட்ட சாரா உதவித்தொகை நூறு வெள்ளியைச் சேர்த்தால் எத்தனை வாரம் தாங்கலாம் என்று ஒருவர் கணக்குக் கேட்கிறார். பதிவு பெற்ற கடையில், பட்டியலிலுள்ள பொருளுக்கு மட்டும்தான் செல்லும், ஐயா. பஸ் கட்டணத்துக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் ஆகாது. அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு மேலதிகாரியிடம் முறைக்கலாம் என்றால் முறைத்துப் பாருங்கள்.

20 செப்டம்பர்

என் அளவுகோலை வைத்துக்கொண்டு நம் நாட்டின் மூன்று ஏற்பாடுகளை இந்த வாரம் யோசித்துப் பார்த்தேன்.

முதலாவது வறுமைக் கோடு. 2016இல் நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்றார்கள். 2019இல் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அதிகாரி ஃபிலிப் ஆல்ஸ்டன், குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்ற பழைய கோட்டை வைத்துக்கொண்டு வறுமை ஒழிந்தது என்பது நகைப்புக்குரியது என்ற பொருளில் கடுமையாகப் பேசினார், அரசு மறுத்தது. 2020இல் கோடு 2,208 வெள்ளிக்கு உயர்த்தப்பட்டபோது, 2019ஆம் ஆண்டுக்கான விகிதம் 5.6 விழுக்காடாக நின்றது. நல்ல திருத்தம்தான். ஆனால் பழைய கோடும் புதிய கோடும் ஒரு மாதத்து வருமானத்தையே அளக்கின்றன. மூவாயிரம் வெள்ளி சம்பாதித்து மூவாயிரத்தையும் தவணைகளுக்குக் கட்டுபவர் கோட்டுக்கு மேலே இருக்கிறார். அவர் கடிதம் எழுத மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது ஊழியர் சேமநிதி. 1951 முதல் இருக்கிறது. ஊழியரின் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 12 அல்லது 13. கட்டாயச் சேமிப்பு என்பது சுதந்திரத்துக்கு எதிரானது என்று சொல்பவர்கள் உண்டு; முதுமையில் பிள்ளைகளின் முகம் பார்க்காமல் வாழ அதுவே வழி என்பவர்களும் உண்டு. பெருந்தொற்றின்போது நான்கு சிறப்புத் திட்டங்களின்வழி ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி எடுக்கப்பட்டது. வயிறு காய்ந்தவரிடம் ஐம்பத்தைந்து வயது வரை பொறு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எடுத்தவர்களில் பலருக்கு இன்று முதுமைக்கென்று மிஞ்சியது சொற்பம். 2024 மே மாதம் தொடங்கிய மூன்றாவது கணக்கில் புதிய சந்தாவின் பத்து விழுக்காடு சேர்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதைச் செலவுக்கான சலுகையாக எல்லாரும் பேசினார்கள். கைவைக்காமல் விட்டவருக்கு அது மறுத்துப் பேசும் நிதியாகும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேல்தட்டுக்காரன் சொல்லும் அறிவுரைபோல் இது ஒலிப்பதையும் உணர்கிறேன்.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் உறுத்துகிறது. 2018 முதல் நடைமுறையிலுள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு என் கையாலேயே மாதந்தோறும் ஊழியரிடமும் நிறுவனத்திடமும் தலா 0.2 விழுக்காடு பிடித்துக் கட்டுகிறேன். வேலை இழந்தவருக்கு முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 40, 30, 30 என ஆறு மாதம் வரை, வேலை தேடும் காலத்துக்கான படித்தொகை கிடைக்கும். ஆனால் தானாக ராஜினாமாச் செய்தவருக்குக் கிடையாது. பாலியல் தொல்லை, உயிருக்கு ஆபத்து போன்ற காரணங்களால் விலகியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இதற்குக் காரணம் இருக்கிறது: நினைத்தவுடன் விலகுபவருக்கெல்லாம் பணம் கொடுத்தால் நிதி வற்றிவிடும், எந்த நாட்டிலும் இப்படி ஏதோ ஒரு வரம்பு இருக்கும். அதை ஏற்கிறேன். ஆயினும் வாசகரே, நீங்கள் புகழ்ந்த அந்த உரிமை, பிடிக்காவிட்டால் விலகும் உரிமை, நம் நாட்டில் காப்புறுதி இல்லாத வேலையிழப்புகளில் ஒன்று என்பதையும் பாருங்கள்.

21 செப்டம்பர்

காப்புறுதி கொடுத்தால் எல்லாரும் படுத்துவிடுவார்கள் என்று மூவர் எழுதிவிட்டீர்கள். ஃபின்லாந்து 2017, 2018 ஆண்டுகளில் வேலையற்றோர் 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ, வேலை கிடைத்தாலும் நிறுத்தாமல், கொடுத்துப் பார்த்தது. அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக வேலை செய்யவில்லை. சற்றே கூடுதலாகத்தான் செய்தார்கள். அது வேலையற்றோரிடம் மட்டும் நடந்த சோதனை, நிரந்தரமும் அன்று. அதற்கு மேல் அதிலிருந்து நான் எதையும் கறக்க விரும்பவில்லை.

27 செப்டம்பர்

வாரக் கணக்கு ஒன்றே சுதந்திரம் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டதால், 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் கொண்டுவருகிறேன். அந்தத் தொழிலாளர்கள் கேட்டவற்றில் கூலி உயர்வு இருந்தது. அத்துடன், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வர வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்றும் கேட்டார்கள். முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

அந்தத் துணிச்சல் அந்த ஆண்டில் வந்ததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்போது யாரும் சைக்கிளைப் பற்றி வாய்திறந்திருக்க முடியாது. 1938இல் இந்திய அரசு, பயண உதவி கொடுத்து ஆள் அனுப்பும் முறையைத் தடை செய்தது. போரினால் ரப்பருக்குத் தேவை ஏறியது, புதிய ஆள் வரவில்லை. பதிலுக்கு ஆள் இல்லாதபோதுதான் இருக்கும் ஆளின் குரல் கேட்கிறது. ஆகவே என் அளவுகோலுடன் இன்னொன்றையும் சேர்க்கிறேன்: என்னால் எத்தனை வாரம் தாங்க முடியும் என்பதோடு, என்னை எத்தனை நாளில் மாற்றிவிட முடியும் என்பது.

30 செப்டம்பர்

பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பர் தொலைபேசியில் நீண்ட நேரம் சண்டை போட்டார். வங்கிக் கடன், கடை வாடகை, பெர்மிட் செலவு எல்லாம் தம் தலையில் இருப்பதால் தம்மாலும் விலக முடியாது என்றார். ஐந்து பேருக்கு மேல் வைத்திருப்பதால் 2025 பிப்ரவரியிலிருந்தே 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் கொடுக்கிறார். அவர் சொல்வது பொய்யன்று. சிறு முதலாளியும் பல சமயம் வாரக்கணக்கில்தான் பிழைக்கிறார். ஆனால் அவர் சமையற்கூடத்தில் நிற்பவர் தமிழ்நாட்டிலிருந்து முகவருக்குக் கடன்பட்டு வந்தவர். அவருடைய வேலை பெர்மிட் இந்த ஒரு முதலாளியின் பெயரில் இருக்கிறது. இந்தக் கடையை விட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனால் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவார். நம் வாசகரின் 'தடுக்காத நிலை' அவருக்கு ஏட்டளவில்கூட இல்லை. கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லாத முதலாளியை நான் அதிகம் சந்தித்ததில்லை. நண்பர் கடப்பிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொடுத்த பின்னும் யாரும் ஓடவில்லை என்று வியந்தார். முகவரின் கடன் ஊரில் வீட்டுப் பத்திரத்தின் மேல் இருக்கும்போது எங்கே ஓடுவது?

6 அக்டோபர்

முதல் கூற்றை எழுதியவர் திரும்ப வந்து, "சரி, உடனே விலக வேண்டுமென்றால் சட்டப்படி என்ன செலவாகும்?" என்று கேட்டிருக்கிறார். ஒப்பந்தத்தில் வேறு காலவரை எழுதப்படாவிட்டால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர் 4 வாரம், ஐந்தாண்டுக்குக் குறைவானவர் 6 வாரம், அதற்கு மேற்பட்டவர் 8 வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போனால் அந்த வாரங்களின் சம்பளத்தை நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். நிறுவனம் ஆளை உடனே அனுப்ப விரும்பினாலும் அதே வாரங்கள், அதே சம்பளம். சட்டம் இருபக்கமும் சமமாகத்தான் எழுதியிருக்கிறது. நிறுவனம் அந்தத் தொகையைக் கட்டிய காசோலைகளை நான் தயாரித்திருக்கிறேன். ஊழியர் தரப்பிலிருந்து கட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் புதிய முதலாளிதான் பணம் கொடுத்தார்.